வலி வரட்டும் என்று காத்திருக்கலாமா?

"பனிக்குடம் உடைஞ்சா என்ன, இன்னும் வலி எடுக்கலையே! விடிஞ்சப்புறம் போய்க்கலாம்." தலைப்பிரசவ வீடுகளில் இந்தப் பேச்சை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்!

சகோதரிகளே, சினிமாவில் காட்டுகிற மாதிரி எல்லாருக்கும் குடம் உடைந்து தண்ணீர் கொட்டாது. பலருக்கு வலிதான் முதலில் வரும். சிலருக்குச் சொட்டுச் சொட்டாகக் கசியும். சிறுநீர் என்று நினைத்துப் புடவையை மாற்றிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். பனிக்குடம் குழந்தைக்கு ஒரு காப்பு. அது உடைந்தபின் நேரமாக ஆகக் கிருமி உள்ளே போக வாய்ப்பு அதிகம். தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. ஆகவே உடனே மணியைப் பாருங்கள். சுத்தமான துணி வைத்து நிறத்தைக் கவனியுங்கள். வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி விடுங்கள். நீர் பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதும், ரத்தம் பட்டாலும், ஒரு நிமிஷம்கூடத் தாமதம் கூடாது. வண்டி இல்லையா, 108-ஐக் கூப்பிடுங்கள்.

பொய்வலியா நிஜவலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுப்பார்களே, குடிக்கட்டும், தொண்டைக்கு இதம்தான். அது அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். விளக்கெண்ணெய் மட்டும் கூடவே கூடாது. வயிற்றுப்போக்கில் பெண் துவண்டு போவாள்.

இன்னொன்றும் சொல்வார்கள், "நாள் நெருங்கினா குழந்தை அசையாம அடங்கிடும்" என்று. சுத்தத் தப்பு! வலி எடுக்கும்போதுகூட அசைவு இருக்கும். குறைந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும், டாக்டரிடம் காட்ட வேண்டும். மாமியார் என்ன சொல்வாரோ என்று மருமகள் வாயைத் திறக்க மாட்டாள். "இன்னிக்குக் குழந்தை நல்லா உதைச்சுதாம்மா?" என்று நாம்தான் கேட்க வேண்டும்.