கிட்னியில் ட்யூப் போட்டு வீட்டுக்கு அனுப்புறாங்களா? டிஸ்சார்ஜுக்கு முன் கேட்க வேண்டியவை என்ன?

"பெரிய ஆபரேஷன் இல்ல, சின்ன ட்யூப்தான்" என்று சொல்லித்தான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். அது உண்மைதான். ஆனால் ட்யூப் போடுவது ஒரு மணி நேர வேலை, அதைப் பார்த்துக்கொள்வது வாரக்கணக்கில் நோயாளியின் வேலை.

கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்தில், ஒகேனக்கல் செல்லும் காட்டுச் சாலையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். இந்தப் பக்கத்து மக்கள் பெரிய சிகிச்சைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி அல்லது எல்லை தாண்டி பெங்களூரு போக வேண்டும். ராத்திரி ட்யூப் நழுவினால் எங்கே போவது? இதற்குப் பதில் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எதற்காக இந்த ட்யூப்?

சிறுநீரகத்தில் இருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் பாதையைக் கல்லோ கட்டியோ அடைத்தால், சிறுநீர் மேலேயே தேங்கி கிட்னி வீங்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய், புராஸ்டேட் புற்றுநோய் இருப்பவர்களுக்கும் இந்த அடைப்பு வரலாம். தேங்கிய சிறுநீரில் கிருமித் தொற்றும் சேர்ந்தால் அது அவசர நிலை. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

அப்போது ஸ்கேன் பார்த்தபடி, மரத்துப்போக ஊசி போட்டு, முதுகு வழியாக மெல்லிய குழாயை கிட்னிக்குள் வைப்பார்கள். சிறுநீர் வெளியே பையில் இறங்கும். இதைத்தான் டாக்டர்கள் 'பி.சி.என்.' என்கிறார்கள். 1955 முதல் மருத்துவ உலகம் அறிந்த முறை இது. உடம்புக்கு உள்ளேயே வைக்கும் 'டி.ஜே. ஸ்டென்ட்' வேறு.

ட்யூப் போடும் முன்பு

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோய், மருந்து அலர்ஜி, கர்ப்பம் இருந்தாலும் மறைக்க வேண்டாம்.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

* முதல் ஓரிரு நாள் சிறுநீர் லேசான ரோஸ் நிறத்தில் வரலாம். பயப்பட வேண்டாம்.
* பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். முழுசா நிரம்பும் வரை விடாதீர்கள்.
* மலைப்பாதை பஸ்ஸிலும் பைக்கிலும் ட்யூப் இழுபட வாய்ப்பு அதிகம். உடம்போடு பிளாஸ்டர் போட்டு ஒட்டி, பையைக் காலில் கட்டிக்கொள்ளுங்கள்.
* ஆறு, கிணறு, தொட்டிக் குளியல் கூடாது. டிரெஸ்ஸிங் நனையாமல் குளிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* தினமும் எவ்வளவு சிறுநீர் இறங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.
* "தண்ணி நிறைய குடி" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. கிட்னி செயல்பாடு குறைந்தவர்களுக்கு அளவு உண்டு.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பையில் சிறுநீர் இறங்காமல் நிற்பது, கெட்டியாகச் சிவப்பு ரத்தம், தாங்க முடியாத முதுகுவலி, ட்யூப் வெளியே வருவது. இதில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். கழன்ற ட்யூபை நீங்களே உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு போங்கள். ட்யூப் போன வழி சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கலாம்.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். பெங்களூரு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், அட்டை அங்கே செல்லுமா என்று 1800 425 3993 எண்ணில் முன்பே கேளுங்கள். ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள்.

2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதே இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். வீட்டிலேயே முடங்கிய நோயாளிகளைத் தேடி வரும் திட்டம் அது. டிரெஸ்ஸிங் மாற்ற உதவி கிடைக்குமா என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மறக்கக் கூடாத தேதி

ட்யூப் அடைப்புக்கு நிரந்தரத் தீர்வு இல்லை. கல்லையோ கட்டியையோ தனியாகக் கவனிக்க வேண்டும். நீண்ட நாள் வைத்திருப்பவர்களுக்கு சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். "வலி போயிடுச்சே" என்று விட்டால் உப்பு படிந்து அடைக்கும், தொற்று வரும். உள்ளே வைக்கும் ஸ்டென்டுக்கும் இதே கதைதான். அது கண்ணுக்குத் தெரியாததால் மறப்பது இன்னும் சுலபம்.

எனவே டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: எந்த அளவு ட்யூப், எந்தத் தேதியில் மாற்றணும் அல்லது எடுக்கணும், நள்ளிரவில் பிரச்னை என்றால் ட்யூப் வசதி உள்ள எந்த மருத்துவமனைக்குப் போகணும். தூரத்தில் வீடு இருப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பஸ் கிடைக்காத ஊருக்கு ஏற்ற மாதிரி தேதி குறிக்க அவருக்கும் அது தெரிய வேண்டும்.