அடுத்த தொற்றுக்கு முன்பே திட்டம் வேண்டும்

கொரோனா பரவலால் 2020 மார்ச் 17 அன்று தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, மார்ச் 31 வரை என்றுதான் அறிவிப்பு வந்தது. ஆனால், இறுதியாண்டு மாணவர்களே டிசம்பரில்தான் வகுப்பறைக்குத் திரும்ப முடிந்தது. அந்த மாதங்களில் மாணவர்களை அலைக்கழித்தது நோய் மட்டுமல்ல. முன்யோசனையின்றி எடுக்கப்பட்ட முடிவுகளும்தான்.

அரியர் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தாலே தேர்ச்சி என்று 2020 ஆகஸ்டில் அரசு அறிவித்தது. அதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. தேறிவிட்டோம் என்று நம்பியிருந்தவர்கள் மீண்டும் புத்தகத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. அண்ணா பல்கலைக்கழகம் 2021 தொடக்கத்தில் நடத்திய இணையவழித் தேர்வும் குளறுபடிப் புகார்களுக்கு உள்ளாகி, மறுதேர்வில் முடிந்தது. நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா தரும் நல்ல திட்டம்கூட, கல்லூரிகளை மூடி ஏறத்தாழ பத்து மாதங்கள் கழித்தே அறிவிக்கப்பட்டது.

வளாகத்தைத் திறப்பதற்கும் திட்டம் தேவை. 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. மாணவர்கள் கூடிச் சாப்பிட்ட விடுதி மெஸ் பரவலுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. உணவைப் பொட்டலமாக அறைகளுக்கே அனுப்பும் ஏற்பாடு அதன் பிறகே வந்தது.

அடுத்து எந்த நோய் வரும் என்று தெரியாமல் எப்படித் திட்டமிடுவது என்று சிலர் கேட்கலாம். நோய் எதுவானாலும் கேள்விகள் மாறுவதில்லை. மூடும் முடிவை யார் எடுப்பது? ஆய்வகப் பயிற்சியை எப்போது, எத்தனை பேர் கொண்ட குழுக்களாக ஈடுசெய்வது? சிக்னல் கிடைக்காத ஊரில் இருக்கும் மாணவருக்குப் பாடம் எப்படிப் போய்ச் சேரும்? தேர்வு நடத்த முடியாவிட்டால் எதை வைத்து மதிப்பெண் போடுவது? ஊருக்குப் போக முடியாத விடுதி மாணவருக்கு யார் பொறுப்பு? 2023 செப்டம்பரில் நிபா பரவியபோது, பக்கத்துக் கேரளத்தின் கோழிக்கோட்டில் கல்வி நிலையங்களை மூடி இணையவழி வகுப்புகளுக்கு மாற வேண்டியிருந்தது. அந்த நிலை நமக்கு வராது என்று இருந்துவிட முடியாது.

எனவே, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இக்கேள்விகளுக்கான விடைகளை எழுத்தில் வகுத்து, சிண்டிகேட்டின் ஒப்புதலுடன் மாணவர்கள் அறிய வெளியிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு வாரமாவது வகுப்புகளை அத்திட்டப்படி நடத்திப் பார்த்துக் குறைகளைக் களைய வேண்டும். ஆசிரியர்களுடனும் மாணவர் பிரதிநிதிகளுடனும் கலந்தாலோசித்தே இதைச் செய்ய வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் இப்பணியை முடிக்க உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.