உறுதி தொலைந்தால் காணி தொலைவதில்லை

2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கிலிருந்து குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடிய சனத்தில் பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். காணி உறுதியை எடுக்க நேரமிருக்கவில்லை. 2007 இல் சம்பூர் அதியுயர் பாதுகாப்பு வலயமானது. 2012 இல் 818 ஏக்கர் முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு 2015 மே மாதம் இரத்துச் செய்யப்பட்ட பின்னரே மக்கள் தங்கள் வளவுகளுக்குத் திரும்ப வழி பிறந்தது. அப்படித் திரும்பும் எவருக்கும் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இது உங்கள் காணி என்பதற்கு என்ன அத்தாட்சி?

பதில் பெரும்பாலும் ஒரு நொத்தாரிசு தன் கடமையைச் சரியாகச் செய்தாரா என்பதில் தங்கியிருக்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியை விற்பதோ நன்கொடையாகவோ சீதனமாகவோ கொடுப்பதோ நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். வெறும் கடதாசியில் எழுதிக் கையொப்பமிட்டுக் காசு கொடுத்தால் காணி கைமாறாது.

உறுதி எழுதும்போது மூன்று பிரதிகள் உருவாகின்றன. மூலப்பிரதி உரிமையாளருக்கு. ஒன்று நொத்தாரிசின் கோவையில் இருக்கும். மற்றதை அவர் அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் இருந்தது எரிந்தாலும், உறுதி இலக்கம், எழுதிய திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி பெற முயலலாம். ஆகவே இந்த மூன்று விபரங்களையும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

ஆனால் இரண்டாம் பிரதியை அனுப்புவது வேறு, உறுதியைப் பதிவு செய்வது வேறு. நம்மவர்கள் பலர் குழம்பும் இடம் இது. 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, முதலில் எழுதிப் பதியாமல் விட்ட உறுதியைவிட, பெறுமதி கொடுத்துப் பின்னர் வாங்கி முதலில் பதிந்தவரின் உறுதி, மோசடி இல்லாதவிடத்து, மேலோங்கும். உறுதி கைக்கு வந்ததும் பதிந்தாயிற்றா என்று கேளுங்கள்.

நொத்தாரிசு எதற்குப் பொறுப்பு, எதற்கு இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கையொப்பமிடுபவரை அவர் நேரில் அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் சாட்சிகள் அறிந்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில், ஒருவர் முன்னிலையில் ஒருவர் ஒப்பமிட வேண்டும். உறுதி எழுதுமுன் பதிவகத்தில் தேடிப் பார்ப்பதும் அவர் கடமை. இவ்வளவு செய்தாலும், விற்பவருக்கு உரிமை இருக்கிறது என்று அவர் சான்று தருவதில்லை. தனக்கு இல்லாத காணியை ஒருவர் விற்றால், உறுதி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வாங்கியவருக்கு எதுவும் கிடைக்காது.

அரச காணிக்கு விதி வேறு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு பெற்றவர் அதைத் தன் விருப்பப்படி உறுதி எழுதி விற்க முடியாது. முதலில் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம்.

புலம்பெயர்ந்தோர் அனுப்பும் அற்றோர்ணித் தத்துவமும் கவனத்துக்குரியது. கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அது முடிந்துவிடும். அதன் பின்னர் அதைக் காட்டிக் காணி விற்க வருபவரிடம், கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இந்த எச்சரிக்கை இப்போது ஏன்? 2025 ஏப்ரல் 5 அன்று சம்பூர் சூரிய மின்திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. அதே நாளில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையும் கைச்சாத்தானது. துறைமுகத்தைச் சுற்றி முதலீடு வரும்போது காணி விலையும் ஏறும், பழைய காணிகளைத் தேடி வருபவர்களும் கூடுவார்கள். அரசு சுவீகரித்த காணியை மீட்க அரசியல் போராட்டம் வேண்டும். மிஞ்சியிருக்கும் காணியைக் காப்பாற்ற, நொத்தாரிசின் மேசையில் ஒப்பமிடுமுன் இந்தக் கேள்விகளைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.