நிலத்தின் மேல் ஒரு சிறை

‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ படத்துக்கு வக்காலத்து வாங்கும் ஒரு கட்டுரையாளர் மூன்று வாதங்களை வைக்கிறார். மூலமான கார்ட்டூன் தொடரின் 20 அத்தியாயக் கதையை 103 நிமிடத்தில் அடக்கினால் இழப்பு தவிர்க்க முடியாததாம். ரசிகர்களுக்கு எந்த மாற்றமும் பிடிக்காதாம். எப்படியும் அது குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன்தானாம். மூன்றும் தவறு. மூன்றாவது, அலட்சியத்தில் பிறந்த தவறு.

முதலில் நேரக்குறைவு. நேரத்தோடு சம்பந்தமே இல்லாத இடங்களில் படம் ஏன் சொதப்புகிறது? மண்ணையும் கல்லையும் தம் உடலசைவால் ஆளும் மக்கள் சிறைப்பட்டிருக்கும் காட்சியைப் பாருங்கள். 2005இல் நிக்கலோடியனில் வந்த தொடரில் அந்தச் சிறை நடுக்கடலில், உலோகத்தால் கட்டப்பட்டிருக்கும். காலடியில் ஒரு பிடி மண் கிடையாது. அதனால்தான் அங்கே அடைபட்டவர்களின் மனமும் உடைந்து கிடக்கிறது. நாயகர்களில் ஒருத்தியான கட்டாரா எவ்வளவோ பேசியும் யாரும் அசையவில்லை. மண்ணைப் போலவே அவர்களால் ஆள முடிந்த நிலக்கரி கைக்கு எட்டிய பிறகுதான் போராட்டம் வெடிக்கிறது. 2010இல் ஷியாமளன் எடுத்த படத்திலோ அதே மக்கள் மண்தரையிலேயே அடைபட்டிருக்கிறார்கள். காலடியில் மண் இருப்பதை நாயகன் ஆங் வந்து சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிகிறது! இந்த மாற்றத்தால் எந்த நேரமும் மிச்சமாகவில்லை. ஒடுக்கப்பட்ட ஒரு கூட்டம் மூடர் கூட்டமாக்கப்பட்டதுதான் மிச்சம்.

சண்டைகளிலும் இதே கதை. தொடரை உருவாக்கிய டிமார்ட்டினோவும் கொனியெட்ஸ்கோவும் ‘பெண்டிங்’ எனப்படும், இயற்கைக் கூறுகளை ஆளும் வித்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீனத் தற்காப்புக் கலையை அடிப்படையாக வைத்தார்கள். நீருக்குத் தாய் சி, நிலத்துக்கு ஹங் கார், நெருப்புக்கு வடக்கு ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா. அடி வைத்த கணமே பாறை எழும். உடலசைவும் விளைவும் ஒன்றாக இருக்கும். படத்தில் பலர் வரிசையாக நின்று நீளமாக ஆடி முடிக்க, ஒரே ஒரு கல் மெல்ல மிதந்து போகிறது. இதற்குச் செலவான நேரம் எங்கிருந்து வந்தது? 15 கோடி டாலர் போட்டு எடுத்த படத்துக்கு வசதிக் குறைவு என்றும் சொல்ல முடியாது.

அடுத்து, மாற்றத்தை ஏற்காத ரசிகர்கள் என்ற பழி. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையிலிருந்து டாம் பாம்பாடிலை பீட்டர் ஜாக்சன் அடியோடு நீக்கினார். நாவலை நேசித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் படங்களைக் கொண்டாடினார்கள், ஏனென்றால் மூலத்தின் உயிர் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே நடந்ததோ வேறு. ஆர்க்டிக் பழங்குடிகளின் வாழ்வைத் தழுவி வரையப்பட்ட மாநிற அண்ணன் தங்கையாகிய சொக்காவுக்கும் கட்டாராவுக்கும் வெள்ளைக்கார நடிகர்களைப் போட்டுவிட்டு, படையெடுத்து வரும் நெருப்பு தேசத்துக்குத் தெற்காசிய முகங்களைக் கொடுத்தார்கள். ஆசியப் பண்பாடுகளிலிருந்து எழுந்த ஒரு உலகத்தில் நாயகர்களை மட்டும் வெளுப்பாக்கியதைக் கண்டு கொதித்தவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்பது அநியாயம்.

கடைசியாக, ‘வெறும் கார்ட்டூன்’. அந்தக் கார்ட்டூனின் மூன்றாம் அத்தியாயத்திலேயே தன்னை வளர்த்த துறவியின் எலும்புக்கூட்டை ஆங் காண்கிறான்; தன் இனமே அழிக்கப்பட்டதை அங்கேதான் உணர்கிறான். போர்க்கூட்டத்தில் நியாயம் பேசப்போய், பெற்ற தகப்பன் கையாலேயே முகம் எரிக்கப்பட்ட நெருப்பு தேசத்து இளவரசன் சூக்கோ, அந்தத் தகப்பனின் அன்புக்கு ஏங்கி அலைகிறான். இனஅழிப்பையும் குடும்ப வன்முறையையும் குழந்தைகளுக்குப் புரியும்படி, அவர்களைப் பயமுறுத்தாமல் சொல்வது மிகக் கடினமான கலை. அதைச் சாதித்த படைப்பைத் தொட வருபவர் கூடுதல் கவனத்தோடு வர வேண்டும்.

குறைக்கலாம், மாற்றலாம், புதிதாகச் சேர்க்கவும் செய்யலாம். ஆனால் ஒரு காட்சியில் கை வைக்கும் முன், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். இந்தப் படம் அதைக் கேட்கவில்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் கட்டுரையாளரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் ரசிகர்கள்தான்; அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.