டிவிடி நகல்களை மொத்தமாக மாற்றும்போது தரம் எங்கே குறைகிறது?

வாங்கிச் சேர்த்த டிவிடிகளைக் கணினியில் நகலெடுத்து வைத்திருப்பவர்கள் பலர். அந்த நகல்களைப் பெரும்பாலான டிவிகளிலும் கைப்பேசிகளிலும் அப்படியே ஓடவிட்டுப் பார்க்க முடிவதில்லை. ஒவ்வொரு படமும் ஒரு ஃபோல்டருக்குள் பல துண்டுகளாகக் கிடக்கும். இப்படி நூறு படங்களை மொத்தமாக, படத்துக்கு ஒரு கோப்பாக மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் தரம் துளியும் குறையாது. மற்றொன்றில் கொஞ்சமாவது குறையும். எது எது என்று புரிய, டிவிடிக்குள் படம் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய பால் முறை டிவிடியில் ஒரு பிரேமுக்கு 720×576 புள்ளிகள். நொடிக்கு 25 பிரேம்கள். இரண்டரை மணி நேரப் படத்தைச் சுருக்காமல் வைத்தால் படக்காட்சிக்கு மட்டும் சுமார் 140 ஜிபி வேண்டும். இரட்டை அடுக்கு டிவிடியோ 8.5 ஜிபிதான் கொள்ளும். அதனால் எம்பெக்-2 என்ற முறையில் படம் சுருக்கப்படுகிறது. பிரேமைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுண்விவரங்களை அது விட்டுவிடுகிறது. பல பிரேம்களை முழுதாக வைக்காமல், பக்கத்துப் பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் பதிகிறது. இப்படிச் சுருக்குவதற்குப் பெயர் என்கோடிங். அப்போது விடுபட்ட விவரம் வட்டிலேயே கிடையாது. ஆகவே எந்த மென்பொருளும் டிவிடியில் உள்ளதைவிட மேலான தரத்தை அதிலிருந்து எடுத்துவிட முடியாது.

சுருக்கிய படத்தையும் ஒலியையும் சப்டைட்டிலையும் சேர்த்து வைக்கும் உறைக்குக் கன்டெய்னர் என்று பெயர். டிவிடியில் அது விஓபி கோப்பு. கணினியில் எம்கேவி, எம்பி4 ஆகியவை பரவலானவை. உறையை மாற்றினால் உள்ளிருக்கும் படத்தில் ஒரு பிட்கூட மாறாது. இதை ரீமக்ஸ் என்பார்கள். இதுதான் தரம் குறையாத வழி. மேக்எம்கேவி இதை மட்டுமே செய்கிறது. எஃப்எஃப்எம்பெக் மென்பொருளிலும் படத்தையும் ஒலியையும் அப்படியே நகலெடுக்கச் சொல்லலாம். படத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டியதில்லை என்பதால் ஒரு படம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் கோப்பின் அளவு குறையாது. படத்துக்கு 7 ஜிபி என்றால் 200 படங்களுக்கு 1.4 டிபி ஆகும்.

இரண்டாவது வழி மறு என்கோடிங். படத்தை விரித்து, எச்.264, எச்.265 போன்ற புதிய முறையில் மீண்டும் சுருக்குவது. ஹேண்ட்பிரேக் படக்காட்சியை எப்போதும் இப்படித்தான் கையாளும். கோப்பு நன்றாகச் சிறுக்கும். ஆனால் ஏற்கெனவே விவரம் இழந்த படத்திலிருந்து இன்னும் கொஞ்சம் போகும். இழப்பே இல்லாத அமைப்பும் அதில் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு மூல டிவிடியைவிடப் பெரிதாகிவிடும் என்பதால் பயனில்லை.

மறு என்கோடிங்தான் வேண்டுமென்றால் பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவை, எல்லாப் படத்துக்கும் ஒரே எண்ணாக வைக்கக் கூடாது. மழையில் நடக்கும் சண்டைக்குத் தேவைப்படும் தரவு, இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்குத் தேவைப்படாது. அதற்குப் பதில் 'நிலையான தரம்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு காட்சிக்கும் வேண்டியதை மென்பொருளே ஒதுக்கும். ஹேண்ட்பிரேக்கில் இதன் பெயர் ஆர்எஃப். எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். டிவிடிக்கு 18 முதல் 22 வரை வைக்கச் சொல்கிறார்கள், அதை உருவாக்கியவர்கள்.

மொத்தமாக மாற்றும்போது தவறுகள் நேர்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது, துண்டுகள். விஓபி கோப்பு ஒன்று 1 ஜிபியைத் தாண்டாது. அதனால் ஒரே படம் ஆறேழு துண்டுகளாக இருக்கும். எந்தத் துண்டு எந்த வரிசையில் வரும், எந்த ஒலித்தடம் எந்த மொழி என்ற குறிப்பெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஐஎஃப்ஓ கோப்பில் உள்ளது. விஓபிகளைத் தனித்தனியாக வரிசையில் ஏற்றினால் படம் துண்டு துண்டாகவே வெளிவரும். வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, இன்டர்லேஸ். பழைய டிவிக்காக ஒரு பிரேமின் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் தனித்தனியாகப் பதியும் முறை இது. மேடைக் கச்சேரி, டிவி தொடர் போன்ற வீடியோ பதிவுகளில், ஆள் வேகமாகக் கையசைத்தால் கணினித் திரையில் விளிம்பு சீப்புப் பல்லாகத் தெரியும். அவற்றுக்கு டிஇன்டர்லேஸ் வடிகட்டி தேவை. ஃபிலிமில் எடுத்து ஒழுங்காகப் பதிந்த படத்துக்கு அதே வடிகட்டியைப் போட்டால் இருக்கும் கூர்மையும் போகும். எனவே வேலையைத் தொடங்குமுன் சேகரிப்பை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பைச் சேமித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு வகையிலும் ஒரு படத்தின் சில நிமிடங்களை மாற்றிப் பார்த்து, இருட்டுக் காட்சியையும் வேகமான காட்சியையும் சோதித்த பிறகு மற்றவற்றை வரிசையில் விடலாம்.

எந்த வழி என்பது சேகரிப்பின் அளவையும், எதில் பார்க்கப் போகிறோம் என்பதையும் பொறுத்தது. 50 ஜிபி வரை கொள்ளும் புளூரே நகல்கள் நிறைய இருந்தால் மறு என்கோடிங்குக்கு நியாயம் உண்டு. டிவிடியைப் பொறுத்தவரை, 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றே பெரிய சேகரிப்புக்கும் போதும் என்பதால், ரீமக்ஸ் செய்து அதையே மூலமாக வைத்துக்கொள்வது பொருத்தமாகப் படுகிறது. கைப்பேசிக்குச் சிறிய கோப்பு வேண்டும்போது அதிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். மறு என்கோடிங் செய்துவிட்டு மூலத்தை அழித்தவருக்கு அந்த வசதி இல்லை.