டிக்கெட் விற்கும்போதே சொல்லக் கூடாதா?



பால் பாக்கெட் என்றாலும் மாத்திரை அட்டை என்றாலும் காலாவதி தேதி பார்த்து வாங்கப் பழகிவிட்டோம். அந்தத் தேதி வரைக்கும் நல்லது, மறுநாள் ஆகாது. சின்னக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு. ஆனால் பாஸ்போர்ட்டில் அச்சடித்திருக்கும் தேதி மட்டும் அப்படியல்ல, சகோதரிகளே! அந்தத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடியே அது பல நாடுகளுக்குச் செல்லாக் காசு. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய், சார்ஜா எல்லாம் அடங்கிய ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஆகிய நாடுகளுக்குள் நுழைய, பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாசமாவது ஆயுள் பாக்கி இருக்க வேண்டும். நம்ம பக்கத்து ஜனங்கள் அதிகம் போவதே இந்த நாடுகளுக்குத்தான். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் கணக்கு வேறு. அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாசம் இருக்கணும். பாஸ்போர்ட் கொடுத்துப் பத்து வருஷமும் தாண்டியிருக்கக் கூடாது. பிரிட்டனுக்கோ தங்கும் நாள் வரைக்கும் செல்லுபடியானால் போதும். நேபாளத்துக்கு நமக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம், வாக்காளர் அட்டை இருந்தால் போய் வரலாம். ஆக, ஊருக்கு ஊர் ஒரு கணக்கு.

விதியைக் குறை சொல்ல மாட்டேன். போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால், செல்லாத பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்நிய நாட்டில் நிற்கக் கூடாதல்லவா? நம் நாடும் இ-விசா கேட்கும் வெளிநாட்டவரிடம் இதே ஆறு மாசத்தைக் கேட்கத்தான் செய்கிறது. என் வருத்தமெல்லாம், இந்த விதியை எப்போது சொல்கிறார்கள் என்பதில்தான்.

என் நாத்தனார் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். அவர்களுடைய மூத்த பெண் சிங்கப்பூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். அம்மா, அப்பா, பன்னிரண்டு வயது தங்கை மூவரும் கிளம்பினார்கள். மூன்று பாஸ்போர்ட்டும் ஒரே நாளில் எடுத்தவை. ஆனால் பெரியவர்களுக்குப் பத்து வருஷம், குழந்தைகளுக்கு ஐந்தே வருஷம். சின்னவளின் பாஸ்போர்ட் முடிய இன்னும் நாலரை மாசம் இருந்தது. போவதோ பன்னிரண்டு நாள். இரண்டு மாசம் முன்பே டிராவல்ஸ்காரரிடம் மூன்று பாஸ்போர்ட் நகலும் கொடுத்து, அவர் ஒவ்வொன்றின் முடிவு தேதியையும் தட்டித்தான் டிக்கெட் எடுத்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பீளமேடு விமான நிலையத்தில் பெட்டியெல்லாம் எடை போடும் நேரத்தில், "இந்தப் பாப்பா பாஸ்போர்ட்டுல ஆறு மாசம் இல்லைங்க, ஏத்த முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். "ஏனுங்க, இன்னும் நாலரை மாசம் இருக்குதுங்களே, நாங்க பன்னண்டு நாள்ல வந்துருவோமுங்க" என்று அண்ணன் கெஞ்சியிருக்கிறார். கேட்பாரில்லை. கடைசியில் பிரசவ வேளையில் பெண் தனியாக இருக்கக் கூடாதென்று நாத்தனார் மட்டும் ஏறினார். வாழ்க்கையில் தனியாகக் கோயமுத்தூர் பஸ்கூட ஏறாதவர்! அப்பாவும் சின்னவளும் காரமடைக்குத் திரும்பி வந்தார்கள். அக்கா குழந்தைக்கு என்று அவள் தைத்த சட்டை இரண்டும் அவள் பையிலேயே இருந்தன. அடுத்த நாள் கேட்டால், "பயணிதான் பார்த்துக்கணும்னு டிக்கெட்லயே போட்டிருக்கு" என்கிறது விமானக் கம்பெனி. "தேதியை நீங்கதானே பார்க்கணும்" என்கிறார் டிராவல்ஸ்காரர்.

விமானக் கம்பெனிக்கும் ஒரு பயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. சரியான தாள் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால், அந்த நாடு கம்பெனிக்கு அபராதம் போடும். திருப்பிக் கொண்டு வருவதும் கம்பெனி தலையில்தான். நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அப்படிக் கொண்டு வந்து இறக்கினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்றது அது. 2025ல் வந்த புதிய குடிவரவுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. அதனால்தான் கவுண்டரில் இருப்பவர்கள் 'டைமாட்டிக்' என்ற கம்ப்யூட்டர் பட்டியலில் எந்த நாட்டுக்கு என்ன விதி என்று பார்த்துவிட்டே ஏற்றுகிறார்கள்.

அங்கேதான் என் கேள்வி. கவுண்டரில் இருக்கிற பட்டியல், டிக்கெட் விற்கும்போது எங்கே போனது? பெயர், பாஸ்போர்ட் எண், முடிவு தேதி எல்லாம் கேட்டு வாங்குகிற அதே கம்ப்யூட்டருக்கு ஒரு கழித்தல் கணக்குத் தெரியாதா? எங்கள் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில், கிழங்கு சரியில்லை என்றால் மூட்டையைப் பிரிக்கும்போதே சொல்லிவிடுவார்கள். காசு வாங்கி லாரியில் ஏற்றிய பிறகு சொன்னால் யாராவது சும்மா இருப்பார்களா?

இன்னொன்றும் பார்க்கிறோம். 2024 மே 7 முதல் ஊட்டிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஹைகோர்ட் உத்தரவு. இல்லாமல் வந்து கல்லாறில் நின்றாலும், போனிலேயே எடுத்துக்கொண்டு மலை ஏறிவிடலாம். பாஸ்போர்ட்டை அப்படி விமான நிலையத்தில் நின்றுகொண்டு புதுப்பிக்க முடியுமா? தத்காலில் போட்டாலும் நாள் ஆகும். திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும்போது சொன்னால் உபகாரம். அவகாசம் முடிந்த பிறகு சொன்னால் தண்டனை.

"எல்லாம் பயணியின் பொறுப்பு" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தக் கணக்கில் விமானக் கம்பெனிகளே தவறியிருக்கின்றன. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறிய பிறகு அந்த ஊர்க்காரர்களுக்கும் ஷெங்கன் கணக்கு வந்தது. நுழையும் நாளில் பாஸ்போர்ட்டுக்குப் பத்து வயது தாண்டியிருக்கக் கூடாது, கிளம்பும் நாளில் மூன்று மாசம் பாக்கி வேண்டும். இவை இரண்டும் தனித்தனி விதி. ஈஸிஜெட், ரயன்ஏர் கம்பெனிகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, நல்ல பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களையே திருப்பி அனுப்பின. சைமன் கால்டர் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதினார். 2022ல் இரண்டு கம்பெனிகளும் கணக்கை மாற்றிக்கொண்டன. கம்பெனிக்கே குழம்புகிற விதியை, பத்தாவது படித்த நாம் தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என்ன நியாயம்?

அதுவரை நாம் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். வீட்டில் ரேஷன் கார்டு, பத்திரம், ஜாதகம் எல்லாம் பத்திரப்படுத்துவது நாம்தானே? பாஸ்போர்ட்டையும் எடுத்து, ஒவ்வொருவர் முடிவு தேதிக்கும் ஆறு மாசம் முன்னால் வரும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். அதுதான் நிஜமான காலாவதி தேதி. குழந்தைகளுடையதை முதலில் பாருங்கள். முடிவதற்கு ஒரு வருஷம் இருக்கும்போதே புதுப்பிக்க மனுப் போடலாம்.

அப்படியும் கவுண்டரில் நிறுத்திவிட்டால் அழுதுகொண்டே வீடு திரும்பாதீர்கள். எந்த நாட்டு விதி, எத்தனை மாசம் என்று காரணத்தை எழுதிக் கேளுங்கள். பயணம் செய்யாத டிக்கெட்டானாலும், அதில் பிடித்த அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் கம்பெனி திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். கம்பெனி மேல் தப்பு இருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

ஆனால் வழக்கு, வாய்தா என்று அலையவிடுவதற்கு முன் அரசாங்கம் ஒரு காரியம் செய்யலாம். முடிவு தேதியைக் கேட்டு வாங்கி டிக்கெட் விற்கிற யாராக இருந்தாலும், அது போகிற நாட்டுக்குப் போதுமா என்று பார்த்து, போதாவிட்டால் பணம் வாங்கும் முன்பே நமக்குத் தெரிகிற மொழியில் எச்சரிக்க வேண்டும் என்று ஒரு விதி போடட்டும். சொல்லாமல் விற்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தரட்டும். கம்பெனிக்கு இதில் பைசா நஷ்டமில்லை. நமக்கோ, பிரசவமும் கல்யாணமும் துக்கமும் மறுபடி ஒரு தேதிக்குத் தள்ளிப் போட முடியாதவை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேட்டுப்பாளையம்.