செங்கல் தேறிவிட்டது, சுவர் தேறுமா?

2025 ஆகஸ்ட் 24ஆம் தேதி காலை 6.13 மணிக்குச் சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் அதிர்ந்தது. ஜொகூரில் இப்படியெல்லாம் நடக்குமா என்றுதான் பலரும் முதலில் கேட்டார்கள். அடுத்த சில நாள்களில் சிறிய அதிர்வுகள் தொடர்ந்தன. சில கட்டடங்களின் சுவர்களில் விரிசல் விழுந்ததாகவும் செய்திகள் வந்தன. சிகாமட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள எங்கள் தம்போயில், பேச்சு விரைவிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. பின்புறம் இழுத்துக் கட்டிய சமையலறை தாங்குமா? அதற்குப் போட்ட கல் நல்ல கல்தானா?

கட்டுமானப் பொறியியல் படிக்கும் எனக்கு இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதி மிகவும் பழக்கமானது. ஆய்வகத்தில் நாங்கள் செங்கற்களை நசுக்கிப் பார்க்கிறோம். முதலில் கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். மேற்பக்கத்தில் குழி இருந்தால் சிமெண்டுச் சாந்தால் அடைக்க வேண்டும். பிறகு மேலும் கீழும் மெல்லிய பிளைவூட் பலகை வைத்து, இயந்திரத்தின் இரும்புத் தட்டுகளுக்கு நடுவே நிறுத்தி, சீரான வேகத்தில் சுமையை ஏற்ற வேண்டும். கல்லின் மேடுபள்ளத்தில் மட்டும் சுமை குவிந்துவிடாமல் பார்ப்பது பலகையின் வேலை. பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 3921 பத்துக் கற்களை உடைத்துச் சராசரி எடுக்கச் சொன்னது. இந்தியாவின் ஐ.எஸ். 3495 ஐந்து கற்களைக் கேட்கிறது.

உடைந்த கணத்தின் சுமையைக் கல்லின் பரப்பளவால் வகுத்தால் வலிமை கிடைக்கும். எஸ்.பி.எம். இயற்பியலில் படித்த அழுத்தக் கணக்கேதான். 215 மி.மீ. நீளமும் 102.5 மி.மீ. அகலமும் உள்ள ஒரு கல், சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஒற்றைக் கல் சுமக்கும் எடை சுமார் 45 டன். ஒரு மைவி கார் ஏறத்தாழ ஒரு டன் என்றால், 45 மைவிகள்!

அந்தக் கல் உண்மையான சுவரில் எவ்வளவு சுமக்கிறது? நமது தரை வீடுகளில் பெரும்பாலும் கூரையையும் மேல்மாடியையும் தாங்குவது கான்கிரீட் தூண்களும் பீம்களும்தான்; கல் சுவர் இடைவெளியை நிரப்புகிறது. மூன்று மீட்டர் உயரச் சுவரின் அடியில் உள்ள கல்லுக்குத் தன் தலைமேல் உள்ள கற்களின் எடை மட்டுமே சுமை. கணக்கிட்டால் அது சதுர மில்லிமீட்டருக்கு 0.06 நியூட்டனுக்கும் குறைவு. வெறும் 5 நியூட்டன் மட்டுமே தாங்கும் மட்டமான கல்லுக்குக்கூட இது 90இல் ஒரு பங்குதான். அதாவது, நாம் இவ்வளவு கவனமாக அளக்கும் ஆபத்து, சாதாரண வீட்டுச் சுவருக்குக் கிட்டத்தட்ட வருவதே இல்லை.

ஆனாலும் சுவர்கள் விழுகின்றன. தமிழ்நாட்டில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி, கனமழைக்குப் பின் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் ஓர் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மீது சரிந்து 17 பேர் மாண்டனர். அது கருங்கல் சுவர். கருங்கல்லை நசுக்கும் இயந்திரத்தில் வைத்தால் செங்கல் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 17ஆம் தேதி, திருநெல்வேலி சாஃப்டர் மேல்நிலைப் பள்ளியில் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். சுவருக்கு முறையான அடித்தளம் இல்லை என்பதுதான் அப்போது வெளிவந்த தகவல். மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்க உத்தரவு பிறந்தது அதற்குப் பிறகே.

இரண்டிலும் சுவர் பக்கவாட்டில் சாய்ந்தது. இதற்கும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இரண்டு மீட்டர் உயரத்தில், தூண் எதுவுமின்றித் தனியே நிற்கும் ஓர் அரைக்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். அடியில் சாந்தின் பிடிப்பு விட்டுப்போனால், அதைக் கவிழ்க்கச் சதுர மீட்டருக்கு வெறும் 10 கிலோ அளவு தள்ளுவிசை போதும். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகக் காற்று ஏறத்தாழ இதே அழுத்தத்தைத் தரும். சுவரை ஒரு முழுக்கல் தடிமனாக்கினால் தேவைப்படும் விசை 44 கிலோவாக உயர்கிறது. தடிமன், உயரம், எடை, சாந்தின் பிடிப்பு இவைதாம் இங்கே விடை சொல்கின்றன. கல்லின் நசுக்கு வலிமை இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. எனக்கு இதுதான் முதலில் வியப்பாக இருந்தது.

சாந்தின் பிடிப்பைப் பற்றிக் கல் ஒன்றுமே சொல்லாது என்றும் கூறிவிட முடியாது. அதைச் சொல்வது இன்னொரு சோதனை. காய்ந்த கல்லை நிறுத்து, ஒரு நாள் ஊற வைத்து, மறுபடி நிறுப்பது. இந்திய விதிப்படி சாதாரண வகைச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. மிகுந்த தாகமுள்ள கல், சிமெண்டு இறுகுவதற்குத் தேவையான தண்ணீரைச் சாந்திலிருந்து உறிஞ்சிவிடும். சாந்து காய்ந்த மாவாக நிற்கும். அனுபவமுள்ள கொத்தனார்கள் செங்கல்லை நனைத்துவிட்டு அடுக்குவது இதனால்தான். இயந்திரம் போடும் 'டமார்' சத்தம் இல்லாததால் மாணவர்கள் இந்தச் சோதனையை அவ்வளவாக ரசிப்பதில்லை. சுவரைப் பற்றி அதிகம் சொல்வது என்னவோ இதுதான்.

கற்களைச் சாந்து வைத்து அடுக்கி, சிறு தூணாகவே நசுக்கும் சோதனையும், மேல் கல்லை நெம்பிப் பிரித்துப் பிடிப்பை அளக்கும் சோதனையும் உலகில் உண்டு. ஆனால் ஒரு சமையலறைச் சுவருக்காக யார் அதைச் செய்யப் போகிறார்கள்?

சிகாமட்டுக்கு வருவோம். நிலம் அதிரும்போது கான்கிரீட் சட்டகம் பக்கவாட்டில் அசையும். நடுவில் இருக்கும் கல் சுவர் அவ்வளவு அசையாது. முதலில் தூணும் சுவரும் சேரும் ஓரத்தில் பிளவு தெரியும். அதிர்வு கூடினால் மூலைக்கு மூலை சாய்வாக விரிசல் ஓடும். 2015 ஜூன் 5ஆம் தேதி சபாவின் ரனாவ் நிலநடுக்கத்தில் 18 பேர் இறந்த பிறகு, 2017இல் மலேசியாவுக்கென நிலநடுக்க வடிவமைப்பு இணைப்பு எம்.எஸ். இ.என். 1998 தரத்துடன் வெளிவந்தது. அது புதிய கட்டடங்களை வடிவமைப்பவர்களுக்கு. வரிசை வீட்டின் பின்புறத்தில் கட்டி முடித்துவிட்ட சமையலறைக்கு அது வந்து உதவாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 70ஆவது பிரிவின்படி, இத்தகைய கூடுதல் கட்டுமானத்துக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். எங்கள் பகுதிக்கு அது ஜொகூர் பாரு மாநகர் மன்றம். அனுமதி என்றதும் பலரும் கட்டணத்தையும் அலைச்சலையும்தான் நினைக்கிறார்கள். அதற்காக ஒருவர் வரைபடம் போடும்போதுதான் பழைய வீட்டின் அடித்தளமும் புதிய அறையின் அடித்தளமும் ஒன்றுபோல் இறங்குமா என்ற கேள்வியே எழுகிறது.

இதையெல்லாம் படித்த பிறகு, வீட்டை இழுத்துக் கட்டப் போகும் உறவினர்களிடம் கல்லின் விலையை நான் கேட்பதில்லை. பழைய தூணிலிருந்து புதிய சுவருக்குள் கம்பி நீட்டியிருக்கிறார்களா, சில வரிசைகளுக்கு ஒருமுறை 'எக்ஸ்மெட்' வலை வைக்கிறார்களா என்று கேட்கிறேன். நல்ல கல்லைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்கும், கடையிலேயே சோதித்துவிடலாம். கம்பியையும் வலையையும் பார்க்க, சுவர் எழும்பும் அந்த ஓரிரண்டு நாள்தான் இருக்கிறது. பூச்சு பூசிவிட்டால் குத்தகையாளருக்கு மட்டும்தான் தெரியும்.